அடுத்து அங்கே சமைக்கப் போகிறவளுக்காக...

இல்லம் இனிக்க

தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து நங்கநல்லூரில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார்கள். 1979-ல் கட்டிய வீடு. குடியிருப்பதற்காக அல்ல, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, நல்ல விலைக்கு விற்பதற்காக. பணம் போதாமல் இவருடைய எட்டுப் பவுன் வளையல்கள் பாங்கில் அடகுக்குப் போயிருக்கின்றன. கூடம், படுக்கையறை எல்லாம் தகராறு இல்லாமல் முடிவாகிவிட்டன. சமையலறையில் வந்து வண்டி நின்றுவிட்டது.

"கொழுந்தனார், 'மாடுலர் கிச்சன் போட்டாத்தான் அண்ணி வீடு விலை போகும்' என்கிறார். என் கணவர், 'விக்கிற வீட்டுக்கு எதுக்குடா இவ்வளவு? வெள்ளையடிச்சு விட்டுடலாம்' என்கிறார். மேஸ்திரியோ, 'பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிடலாம்மா, ஒரே வாரம்' என்கிறார். ஒதுக்கியிருப்பது 4 லட்ச ரூபாய். வளையல் என்னுடையது. சமையலும் எனக்குத்தான் தெரியும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நான் என்ன சொல்லட்டும்?"

கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், சகோதரி! இந்த வீட்டிலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்த அறை அது. எதை, எந்த வரிசையில் சொல்வது என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம். வீட்டை விற்காதவர்களும், வாடகைக்கு விடப் பழைய சமையலறையைச் சீர்செய்கிறவர்களும்கூடப் படிக்கலாம். விஷயம் ஒன்றுதான்.

அமெரிக்காவில் பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து உடனே விற்பதற்கு 'ஃப்ளிப்' என்று பெயர். திருப்பிப் போடுவது! நமக்குத் தெரிந்த தோசைதான். வேகுமுன் திருப்பினால் கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், தாமதித்தால் கருகும்.

தனக்கென்று சமையலறை கட்டுகிறவளுக்குத் தன் உயரம் தெரியும், தன் வீட்டுப் பழக்கம் தெரியும். விற்கிற வீட்டில் அப்படி இல்லை. நாளை அங்கே நின்று சமைக்கப் போகிறவள் யார்? நெட்டையா, குட்டையா? கூட்டுக் குடும்பமா, கைக்குழந்தைக்காரியா? ஒன்றும் தெரியாது. முகம் தெரியாத ஒருத்திக்குப் புடவை எடுப்பது மாதிரிதான். அப்போது என்ன செய்வோம்? கலரில் விளையாட மாட்டோம். நெசவு கெட்டியா, சாயம் போகாதா என்று பார்த்து, எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு கலரில் எடுப்போம்.

சமையலறைக்கும் அதே விதிதான். குடிவந்த பிறகு அவளால் சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாதது எதுவோ, அதற்கு முதல் பணம். அவள் நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிக்கொள்ளக் கூடியது எதுவோ, அதற்குக் கடைசிப் பணம். சுவருக்குள் ஓடும் குழாய் முதல் வகை. அலமாரிக் கதவின் கலர் இரண்டாவது வகை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது!

முதலில் ஒரு வேளை சமையுங்கள்

கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால், ஒரு ஸ்டவ்வையும் சின்ன சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு போய் அந்தச் சமையலறையில் ஒரு வேளை சமைத்துவிட்டு வாருங்கள். சாதம், சாம்பார், ஒரு பொரியல், நாலு அப்பளம் போதும். தாளிக்கும்போது புகை எந்தப் பக்கம் போகிறது? பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் அரிசியில் கல் தெரிகிறதா? கழுநீர் கொட்டினால் எத்தனை நேரத்தில் வடிகிறது? எந்த எஞ்சினீயரும் சொல்லாததை அந்த ஒரு வேளைச் சமையல் சொல்லிவிடும்.

கூடவே இந்தச் சோதனைகளையும் செய்யுங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

விடியற்காலையில் முதல் தண்ணீரை ஒரு வெள்ளை டம்ளரில் பிடியுங்கள். பழுப்பாக வந்தால், சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 1970-80களில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்கள்தான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே துருவும் உப்பும் படிந்து துவாரம் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

சந்தேகமான சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பாலிதீன் தாளை வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறையில் தங்குகிற ஆவி. காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பழைய டைல்ஸை ஒரு கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கிற இடங்களில் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. அதன்மேல் ஒட்டுகிற புது டைல்ஸும் ஒருநாள் அதோடு சேர்ந்து விழும்.

ஸ்விட்ச் போர்டை எலெக்ட்ரீஷியனிடம் திறக்கச் சொல்லுங்கள். 'எர்த்' ஒயர் வருகிறதா என்று கேளுங்கள். மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பல பழைய வீடுகளில் அந்த மூன்றாவது துளை வெறும் அலங்காரம்!

வைத்துக்கொள்ளத் தகுந்தவை

பழசு என்றால் இடிப்பது என்று அர்த்தமில்லை. மொசைக் தரை விரிசல் இல்லாமல் இருந்தால் மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே புதுசு மாதிரி ஆகிவிடும். புதுத் தரை போடுவதைவிட மலிவு. சிவப்பு ஆக்ஸைடு தரைக்கும் இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. தேக்கு நிலை, தேக்கு ஜன்னல் இருந்தால் பழைய பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு வார்னிஷ் அடியுங்கள். சுவருக்குள் பதித்த கடப்பைக்கல் ஸெல்ஃப்களை ஒருபோதும் உடைக்காதீர்கள். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. அதற்குக் கதவு போட்டால் பாதி மாடுலர் கிச்சன் வந்துவிட்டது!

பரண் இருக்கட்டும். நம் வீடுகளில் பண்டிகைக்கு மட்டும் இறங்குகிற உருளியும் அண்டாவும் வேறு எங்கே போகும்? பின்பக்கம் பாத்திரம் துலக்கும் இடம் இருந்தால், அதை அடைத்து அறையை நீட்டாமல், தரையைச் சொரசொரப்பாக்கி, வாட்டம் சரிசெய்து, இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி கட்டிக்கொடுங்கள். குனிந்து துலக்குகிற பெண் யாராக இருந்தாலும் வாழ்த்துவாள்.

அந்தப் பின்பக்கத்துக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் மட்டும் ஜாக்கிரதை. அதை உடைக்கவோ, அறுக்கவோ, துளை போடவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கெடுதல். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் குழந்தைகளை அந்தப் பக்கமே அழைத்துப் போகாதீர்கள்.

சுவருக்குள் போகிற பணம்

இனிதான் முக்கியமான கட்டம். தண்ணீர், சாக்கடை, மின்சாரம், காற்று இந்த நாலும் கண்ணுக்குத் தெரியாது. விளம்பரப் படத்திலும் வராது. ஆனால் இந்த நாலும் சரியில்லாத சமையலறையில் லட்ச ரூபாய் அலமாரி ஒரு மழைக்காலத்தில் ஊறிப் போகும்.

ஜி.ஐ. குழாய் துருப்பிடித்திருந்தால் சமையலறை வரைக்கும் முழுசாக மாற்றிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீருக்கு யு.பி.வி.சி., வெந்நீர் வருகிற இடத்துக்கு சி.பி.வி.சி. பாதிக் குழாயை மாற்றிப் பாதியை விட்டால், பழைய பாதி ஒழுகும்போது புது டைல்ஸைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் வரை இழுக்கும்; அதாவது 9 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட. கெட்டில், மைக்ரோ ஓவன் எல்லாம் இதே ரகம். பழைய 5 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. மேடைமேல் குறைந்தது இரண்டு 16 ஆம்பியர் பிளக், மிக்ஸி கிரைண்டருக்குத் தனி பிளக், எல்லாவற்றுக்கும் எர்த், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை இல்லாமல் சுவரைப் பூச விடாதீர்கள். ஷாக் அடித்த நொடியில் மின்சாரத்தைத் துண்டிப்பது அந்த ஆர்.சி.சி.பி.தான். ஈரக் கையோடு நாள் முழுக்க ஸ்விட்ச் போடுகிற இடம் அல்லவா?

காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் கடலோர ஊர்களைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில், ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. சமையலறைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. சகோதரியின் சமையலறை 10 அடிக்கு 8 அடி. 80 சதுர அடிக்கு 13 சதுர அடிக்கு மேல் ஜன்னல் வேண்டும். அதாவது நாலடி அகலம், மூன்றரை அடி உயரம். அவர் எழுதியிருப்பதோ இரண்டடிக்கு மூன்றடி ஜன்னலும், எண்ணெய்ப் பிசுக்கில் அடைந்துபோன சிமெண்ட் ஜாலியும்! முதல் வேலை அந்த ஜன்னலைப் பெரிசு பண்ணுவது. மேலே லிண்டல் சரியாக வர வேண்டும், ஆகவே எஞ்சினீயரைக் கேட்டுச் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை, காற்று உள்ளே வருகிற வாசலுக்கு எதிர்ச் சுவரில், அடுப்புப் பக்கம் உயரமாக வையுங்கள். சிம்னி போடுவதானால் குழாய் வெளியே போகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். குழாயில்லாத வகை, எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் கொஞ்சம் வடிகட்டி, சூட்டையும் ஆவியையும் மறுபடி உங்கள் முகத்திலேயே விடும்.

காஸ் விஷயம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கக் கூடாது. மேடைக்கு அடியில் கதவு போட்டு வைத்தால் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துவாரம் கட்டாயம் வேண்டும். வெளியே வைக்கிறோம் என்றால் வெயிலும் மழையும் படாத இடமாக இருக்கட்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அதில் அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்து, கெடு முடிவதற்குள் மாற்ற வேண்டும்.

மேடையின் உயரம் யாருக்கு?

முதுகுவலி, தோள்வலி என்று வருகிறவர்களிடம், "உங்க வீட்டு மேடை எத்தனை உயரம்?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நின்று வேலை செய்கிற மேடை, முழங்கை உயரத்திலிருந்து நாலைந்து அங்குலம் கீழே இருப்பது நல்லது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை சுமார் 37, 38 அங்குலத்தில் வரும். ஆகவே 33 அங்குலம். வெளிநாட்டு அளவு 36 அங்குலம். கம்பெனிக்காரர்கள் அதையே கொண்டுவந்து வைத்தால், அதன்மேல் ஸ்டவ்வின் உயரம் வேறு சேர்ந்து, நம் பெண்கள் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிளற வேண்டியிருக்கும். யாரென்று தெரியாதவளுக்கு 32 முதல் 33 அங்குலம் நல்ல நடுவழி. நெட்டையானவள் சமாளிப்பாள், குட்டையானவளுக்குக் கஷ்டமில்லை. அகலம் இரண்டடி. அடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடியாவது காலி மேடை. வாணலியின் காம்பு நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் தத்தித் தத்தி வருகிற குழந்தை அதைத்தான் முதலில் பிடிக்கும்!

அடுப்பு, ஸிங்க், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் நடுவே ஒவ்வொன்றும் 4 அடி முதல் 9 அடி தூரத்துக்குள் இருக்கட்டும். இந்தக் காலடிக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயிலின் சாப்பாட்டு வண்டியில் அத்தனை பேருக்கும் ஒரு சிறு அறையில் சமைக்கிறார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது போடப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதற்கும் ஒரு குறை சொன்னார்கள்: ஒருத்திதான் நிற்க முடியும், உள்ளே இருந்தால் குழந்தை என்ன செய்கிறது என்று தெரியாது!

நம் வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து வேலை செய்கிற நேரம் உண்டு. கூடத்தில் தவழ்கிற குழந்தையும் உண்டு. எதிரெதிரே மேடை கட்டினால் நடுவில் நாலடியாவது விடுங்கள். கூடத்துப் பக்கச் சுவரை முழுசாக எடுத்து 'ஓப்பன் கிச்சன்' ஆக்கும் ஆசை வந்தால், ஒன்பது அங்குலச் சுவரை எஞ்சினீயரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டின் பாரம் அதன்மேல் இருக்கலாம். மூன்றடிக்கு ஒரு திறப்பு வைத்தாலே குழந்தை கண்ணில் படும், தாளிக்கிற நெடியும் கூடம் முழுக்கப் பரவாது.

இன்னும் ஒன்று. கம்பெனிகளின் வண்ணப் புத்தகங்களில் இட்லிக்கு மாவு அரைக்கிறவளே இல்லை! கிரைண்டரை மேடைமேல் தூக்கி வைத்தே இடுப்பு போனவர்கள் எத்தனை பேர்? ஒரு மூலையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கிரைண்டருக்கு ஒரு திட்டு, பக்கத்தில் பிளக். இருபது லிட்டர் தண்ணீர் கேனுக்கு ஒரு இடம். குக்கரும் வாணலியும் உள்ளே படுக்கிற அளவுக்கு 24-க்கு 18 அங்குல ஸிங்க். வீடு பார்க்க வருகிற பெண் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் கண் அங்கே நிற்கும். 'இதைக் கட்டினது சமைக்கத் தெரிஞ்சவங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

மாடுலரா, மரமா, கல்லா?

கொழுந்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திறந்த ஸெல்ஃபில் டப்பாக்கள் வரிசையாக நின்ற காலம் போய்விட்டது. வாங்க வருகிறவர்கள் கதவு போட்ட அலமாரி எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு முழு மாடுலர் தேவையில்லை. மேடைக்குக் கீழே கடப்பைக்கல் தடுப்புகள் நிறுத்தி, முகப்பில் மட்டும் கதவு. துகள் பலகை, எம்.டி.எஃப். இரண்டும் தண்ணீர் பட்டால் உப்பும்; ஸிங்க் பக்கம் அவை வேண்டவே வேண்டாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ்.710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மேல் அலமாரி ஒரு சுவரில் மட்டும் போதும். நாலு பக்கமும் போட்டால் சின்ன அறை இன்னும் சின்னதாகிவிடும்.

மேடைக்குக் கிரானைட். கடப்பைக்கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு இனம். புளியும் எலுமிச்சையும் பட்டால் தழும்பு விழும். இப்போது வருகிற குவார்ட்ஸ் மேடைகளில் பிசின் கலந்திருப்பதால், கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே இறக்கினால் கெட்டுப்போகும். கிரானைட்டுக்கு இரண்டு பயமும் இல்லை. சுவர் டைல்ஸ் சந்தனம் அல்லது வெள்ளைக் கலரில், பெரிய அளவில். இணைப்புக் கோடுகள் குறைந்தால் மஞ்சள் கறை தங்குகிற இடமும் குறையும். தரைக்கு வழுக்காத ரகம். பூப்போட்டது, பழம் போட்டதெல்லாம் வேண்டாம். அவள் ரசனையை அவளுக்கே விட்டுவிடுங்கள்.

4 லட்சத்தை நான் பிரித்தால் இப்படித்தான்: குழாய், சாக்கடை, ஒயரிங், ஜன்னல், ஃபேன் 1,50,000. மேடை, ஸிங்க், டைல்ஸ், தரை 1,20,000. கதவுகள், அலமாரி 80,000. மிச்சம் 50,000 தொடாமல் பாங்கில். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த 50,000 செலவாகாமல் நின்றால் நேரே வளையலுக்கு!

வாஸ்து பற்றியும் எழுதியிருக்கிறார். நமக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, வாங்க வருகிறவர் கேட்பார். அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் சமையலறை இருந்து, கிழக்கு பார்த்துச் சமைக்கிற மாதிரி மேடையும் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். இல்லையென்றால் அதற்காக அறையையே இடம் மாற்றிச் சாக்கடையைப் புதிதாகத் தோண்டுவது கட்டுப்படியாகாது. அடுப்பைக் கிழக்குச் சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், போதும்.

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

கணக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டை வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் வருகிற லாபம் குறுகிய கால லாபம். அவரவர் வருமானத்தோடு சேர்த்து வரி. 24 மாதம் தாண்டினால் நீண்ட கால லாபம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு நடக்கும் விற்பனைகளுக்கு அதன் வரி 12.5 சதவிகிதம். வீட்டின் அமைப்பை மேம்படுத்திய செலவை லாபத்திலிருந்து கழிக்க முடியும், ஆனால் ரசீது இருந்தால்தான். இதையே தொழிலாகச் செய்தால் கணக்கு வேறு மாதிரி போகும், ஆடிட்டரைக் கேளுங்கள். குழாய்க்கடைத் துண்டுச் சீட்டிலிருந்து கிரானைட் பில் வரை எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, அந்த பைலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வளையல் யாருடையது, எத்தனை பவுன், எந்தத் தேதியில் வைத்தது என்றும் அதில் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இது சந்தேகமல்ல. குடும்பத்தில் மனஸ்தாபம் வராமலிருக்க வழி.

மூடி மறைக்காதீர்கள்

மேஸ்திரி சொன்னதற்கு வருகிறேன். பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டுவது தப்பில்லை. பிடிப்பு நன்றாக இருந்து, சுவர் காய்ந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஈரச் சுவரின்மேல் ஒட்டினால் என்ன ஆகும்? ஆறு மாதம் பளபளவென்று இருக்கும். அதற்குள் வீடு கைமாறிவிடும். அப்புறம் ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறும். அலமாரி பூஞ்சைக்காளான் பிடிக்கும். அந்த வீட்டுக் குழந்தைக்கு இருமல் விடாது. டைல்ஸை உடைத்துப் பார்க்கிற அன்றைக்கு, நம்மை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது பாவ புண்ணியக் கணக்கு மட்டுமல்ல, சட்டமும்கூட. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், அதை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஈரத்தை டைல்ஸ் போட்டு மூடுவது அந்த ரகம்தான்.

சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். கசிகிற குழாயை மாற்றி, பழைய பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, நீர்க்காப்புப் பூச்சு கொடுத்து, பிறகு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். மேஸ்திரி ஒரு வாரம் என்றது மூன்று நான்கு வாரமாகும். ஆகட்டும். சரிசெய்ய முடியாதது ஏதாவது இருந்தால் வாயைத் திறந்து சொல்லி, அதற்குத் தக்க விலை பேசுங்கள். "எல்லாம் புதுசு" என்பதைவிட, "குழாய் எல்லாம் மாத்தியாச்சு, பில் இருக்கு, கிழக்குச் சுவத்திலே முன்னே ஈரம் இருந்தது, இப்படிச் சரி பண்ணினோம்" என்று சொல்கிறவரிடம் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. குழாயும் ஒயரும் பதித்த பிறகு, பூசுவதற்கு முன், நாலு சுவரையும் டேப்பால் அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எத்தனை அடியில் குழாய் போகிறது, எந்த மூலையில் ஒயர் இறங்குகிறது என்று ஒரு தாளில் படமாக வரைந்து, தேதி போட்டு, பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அந்த வீட்டுக்கு வருகிறவள் ஒரு ஆணி அடிக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பாள்.